கொழும்பு வெயிலுக்கு அம்மம்மாவின் அலுமாரி

ஜூலை பிறந்தால் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் உறவினர்கள் வந்திறங்கத் தொடங்குவார்கள். அவர்களை அழைத்துவரக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போவதும், வந்த மூன்றாம் நாள் அவர்களுக்கு வீட்டில் போட நூல் உடுப்புத் தேடி வெள்ளவத்தைக் கடைகளில் ஏறி இறங்குவதும் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நடக்கின்றன. இத்தனைக்கும் அவர்களுடைய பெட்டிகளில் கோடைக்கென்றே வாங்கிய உடுப்புகள் நிறைய இருக்கும். அவையெல்லாம் இங்கேயைவிடக் காய்ந்த காற்றும் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சமும் உள்ள ஊர்களின் கோடைக்குத் தைத்தவை. கொழும்பில் அவற்றைப் போட்டுக்கொண்டு சந்தை வரை நடந்து திரும்பினால் முதுகோடு ஒட்டிப்போய்விடும். இந்த ஊருக்கு எதை உடுப்பது, எந்த மாதத்தில் எதை உண்பது என்பதை உங்கள் அம்மாவின் பேச்சிலிருந்தும் அம்மம்மாவின் பழைய படங்களிலிருந்துமே பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம். சில இடங்களில் அந்த நினைவுகளைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும்.

முதலில் திருத்த வேண்டியது கோடை என்ற சொல்லைத்தான். கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் ஏறக்குறைய 30 முதல் 32 பாகை செல்சியஸ் வரை நிற்கும்; மார்ச்சும் ஏப்ரலுமே உண்மையில் அவிக்கும் மாதங்கள். மே பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். நீங்கள் விடுமுறைக்கு வரும் ஜூலை, ஆகஸ்டில் மழை ஓரளவு தணிந்து கடற்காற்று பலமாக வீசும். ஒக்ரோபரிலும் நவம்பரிலும் மறுபடியும் கொட்டும். எந்த மாதமானாலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் வியர்வை காய்ந்து உப்பாகப் படியும், கொழும்பில் அது காய்வதே இல்லை. ஆகவே துணி வாங்கும்போது அது எவ்வளவு மெல்லியது என்று மட்டும் பார்ப்பது போதாது. வியர்வையை உறிஞ்சுமா, துவைத்துக் கொடியில் போட்டால் அன்றே காயுமா என்பவற்றையும் பார்க்க வேண்டும். ஜீன்ஸ் இந்த இரண்டாவது சோதனையில் ஒருபோதும் தேறாது. மழை நாளில் துவைத்த ஜீன்ஸ் மூன்று நாள் கொடியில் கிடந்து மணக்கத் தொடங்கிவிடும்.

எங்கள் வீட்டில் அம்மம்மாவின் ஒரு படம் இருக்கிறது. கொழும்பின் காலி வீதியோரத்தில், கையில் கறுப்புக் குடையுடன், வெள்ளையில் சிறுபூப் போட்ட, வொயில் எனும் மெல்லிய நூல் சேலையில் நிற்கிறார். முழங்கை வரை கையுள்ள நூல் சட்டை, கழுத்தில் மெல்லிய ஒரு சங்கிலி, வேறு நகை இல்லை. இன்று இந்தத் தோற்றத்தை அழகு என்று வியந்து அதேபோல் உடுத்துப் படம் எடுக்கும் இளையவர்கள், அந்த உடுப்பின் ஒவ்வோர் அங்கமும் வெயிலுக்காகவே அமைந்தது என்பதைக் கவனிப்பதில்லை. வொயில் காற்றைத் தடுக்காது. முழங்கை வரை வரும் கை தோலைக் கருக விடாது. குடை வெயிலுக்கும் மழைக்கும் ஒன்றே. வீட்டில் இருக்கும்போது சீத்தை எனும் அச்சிட்ட நூல் சேலை, அப்பப்பாவுக்குச் சாரம், வெளியே போனால் வேட்டியும் சால்வையும். அந்தச் சால்வை வியர்வை துடைக்கவும் பஸ் இருக்கையைத் தட்டவும் உதவியது. நீங்களும் பெட்டியைக் கட்டும்போது இந்த அளவில் நின்றுகொள்ளுங்கள்: இரண்டு வாரப் பயணத்துக்கு வெளியே போட நான்கு நூல் உடுப்புகள், கோயிலுக்கு ஒன்று, கொண்டாட்டத்துக்கு ஒன்று. வீட்டுச் சட்டையையும் சாரத்தையும் இங்கேயே வாங்கலாம். குடையும் அப்படித்தான், ஆண்கள் வெயிலுக்குக் குடை பிடிக்க வெட்கப்படுவதை மட்டும் என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அம்மாவின் தலைமுறை நினைவுகளில் ஒன்றைக் கவனமாகக் கையாள வேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் நல்ல துணி கிடைப்பதே அரிதாக இருந்தது. பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் நைலெக்ஸ், நைலோன், ஜோர்ஜெட் போன்ற செயற்கை இழைச் சேலைகள் கடைகளில் வந்து குவிந்தன. கசங்காது, கஞ்சி வேண்டாம், இஸ்திரிக்கை வேண்டாம் என்று அவற்றைக் கொண்டாடியவர்கள் இன்றும் அந்த மகிழ்ச்சியுடன் பேசுவார்கள். அந்த மகிழ்ச்சியில் பொய் இல்லை. ஆனாலும் ஆடிவேல் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நைலெக்ஸ் உடுத்தி நிற்கும் துன்பத்தை அவர்கள் சொல்வதில்லை. அந்தச் சேலைகளைக் குளிரூட்டிய மண்டபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சேலையை எடுத்து உடுக்கும் ஆசையுடன் வருகிறவர்கள் முதலில் அதைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு என் மச்சாளின் மகள், பெரியம்மாவின் அலுமாரியிலிருந்து அரக்கு நிறப் பட்டுச் சேலையொன்றை எடுத்தாள். பாச்சை உருண்டை மணத்துடன் அது விரிந்தபோது முதல் மூன்று மடிப்பிலும் குறையில்லை. நான்காவது மடிப்பில் பட்டு கோடு கிழித்ததுபோல் விண்டு, சரிகை இழை மட்டும் இருபுறத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த பட்டுக்கு இதுதான் நேரும். அப்படிப்பட்ட சேலையை உடுக்க முயலாமல் கரையையும் தலைப்பையும் வெட்டியெடுத்து நூல் சட்டைக்குக் கரையாகவோ பாவாடையின் அடிக்கோ வைத்துத் தைப்பதே நல்லது. பழுதில்லாத சேலையானால் மடிப்பை மாற்றி, நூல் துணியில் சுற்றி வையுங்கள். நெகிழிப் பையில் மூடினால் கொழும்பின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய நூல் சேலை இதைவிட இலகு. இரண்டு தோய்ச்சல் கண்டால் அது புதுத் துணியைவிட மென்மையாகிவிடும். அதில் நீளச்சட்டை தைக்கலாம், குழந்தைக்குப் பாவாடை சட்டை தைக்கலாம்.

தைக்கக் கொடுப்பதை வந்திறங்கிய முதல் இரண்டு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். ஒருமுறை, புறப்படுவதற்கு நான்கு நாட்களே இருந்த உறவினர் ஒருவரின் துணியை நான் ஒரு தையற்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அளவுச் சட்டையைப் பார்க்காமல் நினைவிலிருந்து வெட்டிவிட்டார், திருத்தவும் நாள் போதவில்லை. அளவுச் சட்டையின் மேல் ஊசியால் குத்திக் குறிப்பு வைத்துக் கொடுப்பதும், உள்துணிக்கு நூல்தான் வேண்டும் என்று இரண்டு முறை சொல்வதும் அன்று நான் கற்றவை. உள்துணி செயற்கை இழையானால் வெளியே எவ்வளவு நல்ல நூல் இருந்தும் பயனில்லை. நாள் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜூலை நடுப்பகுதியில் ஆடி பிறந்தால் திருமணங்கள் நின்றுவிடும். ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஆவணி பிறந்ததும் மறுபடியும் தொடங்கும். வெளிநாட்டுத் திருமணக் குழுக்கள் இந்த இரண்டு ஓரங்களிலும் தையற்கடைகளை நிறைத்துவிடுவதால், நடுவே உள்ள ஆடி மாதமே உங்களுக்கு வாய்ப்பான காலம்.

துணி வாங்குவதற்குப் புறக்கோட்டையின் பிரதான வீதியும் குறுக்குத் தெருக்களும் மலிவு. அங்கே காலையிலேயே போய்விடுங்கள், பேரம் பேசத் தெரிந்த ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். வெள்ளவத்தையில் விலை கூடினாலும் தமிழில் கேட்டு, விரித்துப் பார்த்து, தேநீர் குடித்து வாங்கலாம். கைத்தறி விரும்புகிறவர்கள் கிழக்கின் மருதமுனையில் நெய்த சாரங்களையும் சேலைகளையும் கேட்டுத் தேடுங்கள். காலி வீதியில் பார்பரா சன்சோனி தொடங்கிய பெயார்ஃபூட் கடையின் கைத்தறிகளில் நிறங்கள் துணிச்சலானவை, விலையும் அப்படியே. மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பற்றிக் துணியை இங்கே மறுபடியும் மதிப்புக்குரிய கலையாக்கியவர்களில் ஈனா த சில்வா முதன்மையானவர். இன்று தெருவோரத்தில் விற்பவற்றில் பல அச்சுத் துணிகள், ஆகவே பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், மெழுகிட்டுச் சாயம் தோய்த்ததானால் நிறம் இருபுறமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வெயில் தொப்பிக்கும் விசிறிக்கும் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தை நாடலாம்.

கோயில்களைப் பொறுத்தவரை கொழும்பில் நீளக் காற்சட்டையுடன் வருகிற ஆண்களை யாரும் பெரிதாகத் தடுப்பதில்லை, எனினும் அரைக் காற்சட்டை கூடாது. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகிற ஆண்கள் மேலாடையின்றியே உள்ளே செல்ல வேண்டும் என்பதால் வேட்டியும் சால்வையும் எடுத்துச் செல்லுங்கள். செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் தேர் பம்பலப்பிட்டிப் பக்கம் வரும் நாளில் கடற்காற்றுச் சேலைத் தலைப்பை இழுக்கும், ஊசி குத்திக்கொள்ளுங்கள். விகாரைகளுக்குத் தோளும் முழங்காலும் மூடிய வெளிர்நிற உடுப்பு. புத்தர் உருவம் பதித்த உடுப்பைக் கொண்டே வராதீர்கள், உடலில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்ததற்காகவே சுற்றுலாப் பயணியொருவரைத் திருப்பியனுப்பிய நாடு இது. ஏப்ரலில் புத்தாண்டுக்கு வருகிறவர்கள் புத்தாடையை முன்கூட்டியே வாங்க வேண்டாம். அந்த ஆண்டுக்குரிய நிறத்தைப் பஞ்சாங்கம் சொல்லும். மூலிகைகள் சேர்த்த மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி அந்த நிறத்தில் உடுத்தியபின்தான், பெரியவர்கள் கையால் பணம் வாங்கும் கைவிசேடம்.

இனி உணவு. ஜூலையில் வருவதால் நீங்கள் இழப்பது ஏப்ரலின் நுங்கை மட்டுமே. மே முதல் ஆகஸ்ட் வரை கொழும்பின் நடைபாதைகள் றம்புட்டானாலும் மங்குஸ்தானாலும் சிவந்தும் ஊதாவாகியும் கிடக்கும். றம்புட்டானுக்கு மல்வானையும் மங்குஸ்தானுக்குக் களுத்துறையும் பெயர்போனவை. மங்குஸ்தானை வாங்கும்போது அடிப்பக்கத்தில் உள்ள சிறிய பூவின் இதழ்களை எண்ணுங்கள். உள்ளே அத்தனை சுளைகள் இருக்கும். இதழ் கூடினால் சுளை சிறிதாகி, விதையும் குறைவாக இருக்கும். தோல் அமுக்க இளக வேண்டும், கல்லாகக் கடினமானதை விட்டுவிடுங்கள். இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் வைத்து நெரித்துப் பிளக்க வேண்டும். அப்போது தெறிக்கும் ஊதாச் சாறு நூல் துணியில் பட்டால் அது எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. தம்பிலி என்று இங்கே சொல்லும் செவ்விளநீரும் அப்படியே. சொட்டியபோது தண்ணீர்போல இருக்கும், துவைத்துக் காய்ந்தபின் பழுப்புக் கறையாக எழும். வெள்ளை வொயில் உடுத்தி நடைபாதைக் கடையில் நிற்காதீர்கள் என்று அம்மம்மா எதற்காகச் சொன்னார் என்பது அப்போது விளங்கும்.

மாம்பழத்தில் கறுத்தக்கொழும்பானுக்கு நிகரில்லை. பெயரில் கொழும்பு இருந்தாலும் அதன் மரம் யாழ்ப்பாணத்து வளவில்தான் நிற்கிறது; காலையில் வரும் லொறிகளில் வெள்ளவத்தைச் சந்தைக்கு வந்து சேர்கிறது. நன்றாகப் பழுத்த பின்னும் அதன் தோலில் பச்சை நிற்பதால், மஞ்சள் நிறத்தைத் தேடும் வெளிநாட்டுக் கண் அதைக் காயென்று ஒதுக்கிவிடும். காம்படியில் மூக்கை வைத்துப் பாருங்கள், மணம் இல்லையென்றால் அது மருந்தில் பழுத்தது. மாம்பழம் சூடு என்று வீட்டில் எச்சரித்தால் வாதாடாமல் தயிருடன் உண்ணுங்கள்.

ஆடிப்பிறப்பன்று உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் ஆடிக்கூழ் கிடைக்கும். பச்சரிசி மா, வறுத்த பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால், பல்லில் கடிபடும் தேங்காய்ச் சொட்டு, அருகே கொழுக்கட்டை. இதைக் கடையில் வாங்குவதைவிட அம்மாவிடம் கேட்டு நீங்களே ஒருமுறை கிண்டிப்பாருங்கள். கைவிட்டால் அடிப்பிடிக்கும், அதனால் இருவர் வேண்டும். ஆடி அமாவாசைக்குத் தந்தையை நினைந்து விரதம் இருப்பவர்கள் காத்தோட்டிக்காய் தேடுவார்கள். கைப்பான இந்தக் காயை அந்த ஓரிரு நாட்களிலேயே காணலாம், ஆகவே சந்தைக்கு முந்திய நாளே போக வேண்டும். பௌர்ணமி தினங்களில் இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும். விருந்து வைப்பவர்கள் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் அலைந்து வந்த நாளின் மறு காலையில், இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சோற்றில் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பிசைந்து உண்பது என் கணிப்பில் எந்தச் சிற்றுண்டிச்சாலைக் காலையுணவையும் வெல்லும். வந்த புதிதில் வயிறு பழகாதவர்கள் கொதித்தாறிய நீரில் ஊறியதா என்று கேட்டுக்கொள்ளலாம். தெருவோரச் சர்பத்தின் ஐஸ்கட்டியையும் முதல் வாரத்துக்குத் தவிர்க்கலாம்.

திரும்பும்போது மாம்பழத்தைப் பெட்டியில் வைப்பதைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2019 டிசம்பர் முதல் பயணிகள் கொண்டுவரும் பழங்களுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்கின்றன. அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டூரியன் ஆகிய ஐந்துக்கும் மட்டும் விலக்கு. ஆகவே மிஞ்சிய கறுத்தக்கொழும்பான்களைப் புறப்படுவதற்கு முந்திய இரவே, குசினித் தொட்டியின் மேல் குனிந்து, கொட்டை வரை சூப்பி முடித்துவிடுங்கள். அப்போது பழைய சாரமோ வீட்டுச் சட்டையோ உடுத்தியிருங்கள், காலையில் விமானத்துக்குப் போட மடித்து வைத்ததை அல்ல.