தானிஷ்நாமாவ எங்கேர்ந்து படிக்க ஆரம்பிக்கிறது

ஆயிரம் வருசத்துக்கு முந்தின தத்துவஞானி இப்னு சீனா பாரசீகத்துல எழுதுன தத்துவப் புத்தகம் தானிஷ்நாமா. அத கையில எடுக்கிறவங்க நேரா கடவுள், இருப்புன்னு பெரிய விஷயத்துக்குத் தாவுவாங்க, நாலாம் பக்கத்துல மூடி வச்சிருவாங்க. நானும் அப்பிடித்தான். தர்க்கத்துலேர்ந்து தொடங்குங்க, புத்தகமும் அங்கதான் தொடங்குது. அதுக்கு அவரு வச்ச பேரு தராஸூ அறிவு, நம்ம தோட்டத்து மடுவத்துல தேயிலக் கொழுந்து நிறுக்கிற தராசு இருக்கே, அந்தச் சொல்லே பாரசீகத்துலேர்ந்து வந்ததுதான். மத்த அறிவெல்லாம் லாப நட்டம், தர்க்கம்தான் தராசுங்கிறாரு. மடுவத்துல வரிசையில நின்னவங்களுக்கு இத விளக்கவே வேணாம்.

ஒரு சீஆர் கொப்பி எடுத்து நடுவுல கோடு போடுங்க. எடப்பக்கம் 'அந்தர் ரஸீதன்', அதாவது ஒண்ணு என்னன்னு மனசுக்கு எட்டுறது. வலப்பக்கம் 'கிரவீதன்', ஆமா உண்மதான்னு ஒத்துக்கிறது. ஈரக்கொழுந்துன்னா என்னன்னு புரியிறது எடப்பக்கம், இந்தக் கூடையில இருக்கிற கொழுந்து ஈரம்னு ஒத்துக்கிறது வலப்பக்கம். அரபியில இதுக்கு தஸவ்வுர், தஸ்தீக்னு ரெடியா சொல் இருந்துச்சு, ஆனா இஸ்ஃபஹான ஆண்ட அலாவுத் தவ்லாவுக்காக பாரசீகத்துல எழுதுனதால ஊர்ச்சொல்லையே தேடிப் புடிச்சிருக்காரு, அதனால நீங்களும் பாடப்புத்தகத் தமிழ்ல குறிப்பு எடுக்காதீங்க, வீட்டுல பேசுறத எழுதுங்க.

அடுத்தது வாக்கியத்த நிறுக்கிறது, இதுக்கு ஒரு வாரமாவது குடுங்க. மழையில பறிச்ச கொழுந்தெல்லாம் ஈரம். ஈரக்கொழுந்துக்கெல்லாம் தண்ணிக்குன்னு எடையில கிலோ வெட்டுவாங்க. அப்ப மழையில பறிச்சதுக்கெல்லாம் வெட்டுவாங்க. சரியா? இப்ப ரெண்டாவதுல 'எல்லாம்' எடுத்துட்டு 'சிலதுக்கு'ன்னு போடுங்க, முடிவு நிக்காது, ஏன்னா வெட்டுன அந்தச் சிலது மழையில பறிக்காததா கூட இருக்கலாம். எங்க லயத்துல ஒரு அண்ணன் இதக் கேட்டுட்டு இத்தன வருசமா இது தெரியாமயா கொழுந்துக் கணக்கு எழுதுற கணக்கப்பிள்ளகிட்ட சண்ட போட்டேன்னாரு.

இது கைக்கு வந்தப்புறம் இருப்பு பத்தின பகுதிக்குப் போங்க. வழக்கமா இயற்கை பத்தின பகுதிய முடிச்சுட்டுத்தான் அதுக்கு வருவாங்க, இவரு மாத்தி வச்சிருக்காரு. தானா இருந்தே ஆகவேண்டியது எது, இன்னொண்ணால மட்டும் இருக்கிறது எதுங்கிற கேள்விய மட்டும் புடிச்சுக்கங்க. கண்டிக்குக் கிட்ட அக்குறணப் பக்கம் அரபி படிச்ச கூட்டாளி இருந்தா, பின்னால வந்த இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி அரபியில எழுதுன மகாஸித்ங்கிற புத்தகத்தையும் பக்கத்துல வச்சுப் பாக்கச் சொல்லுங்க, ரொம்ப இடத்துல இதையே அடியொத்திப் போகுது.

கணக்கு, வானம், இசை கடைசிக்கு இருக்கட்டும், அது இப்னு சீனா போனப்புறம் சீடர் ஜூஸ்ஜானி குருவோட வேற எழுத்துகள்லேர்ந்து எடுத்துச் சேத்தது.