அடுக்குமாடி வளாகத்தின் ஓராண்டு ஆற்றல் பயன்பாட்டையும் கரிம உமிழ்வையும் கணக்கிடும் முறை

சென்னை, கோவை போன்ற நகரங்களில் நூறு வீடுகளுக்கு மேல் உள்ள அடுக்குமாடி வளாகங்களில், குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பிலிருப்பவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். சங்க அலுவலகத்தில் இருக்கும் ஆவணங்களும் கணினியில் ஒரு விரிதாளும் வேண்டும். விளக்குவதற்கு வசதியாக, 200 வீடுகளும் மொத்தம் 2,00,000 சதுர அடிப் பரப்பும் கொண்ட ஒரு கற்பனை வளாகத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம்.

படி 1: எதை எண்ணுவது, எதை விடுவது

முதலில் எல்லையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வளாகத்துக்குள் எரியும் எரிபொருள், அதாவது ஜெனரேட்டர் டீசலும் சமையல் எரிவாயுவும், ஏ.சி.யிலிருந்து கசியும் குளிர்பதன வாயுவும் நேரடி உமிழ்வு. வெளியிலிருந்து வரும் மின்சாரத்துக்காக அனல்மின் நிலையங்களில் எரியும் நிலக்கரியின் புகை மறைமுக உமிழ்வு. தண்ணீர் லாரி, குடியிருப்போரின் வாகனங்கள், கட்டடம் கட்டியபோது செலவான சிமெண்ட், கம்பி ஆகியவற்றை முதலாண்டில் சேர்க்க வேண்டாம். அவை முக்கியமற்றவை என்பதால் அல்ல. நம்பத்தக்க ஆவணங்கள் கைக்குக் கிடைப்பது கடினம் என்பதால்தான்.

படி 2: மின்சார யூனிட்டுகளைத் திரட்டுதல்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், ஓராண்டுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 6 பில்கள் தேவைப்படும். ரூபாயைப் பார்க்காமல் யூனிட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பதாலும் அடுக்குக்கு அடுக்கு கட்டணம் மாறுவதாலும், தொகையைக் கொண்டு பயன்பாட்டை எளிதில் ஊகிக்க முடியாது. எல்லா வீடுகளும் பில் தராவிட்டால், இரண்டு படுக்கையறை, மூன்று படுக்கையறை என்று வகை பிரித்து, ஒவ்வொரு வகையிலும் கிடைத்தவற்றின் சராசரியை மற்ற வீடுகளுக்கும் பொருத்தலாம். பூட்டிக் கிடக்கும் வீடுகளை மட்டும் மறக்காமல் கழித்துவிட வேண்டும். கோடைக்கால பில் ஒன்றை 6 ஆல் பெருக்கி ஆண்டுக் கணக்கு என்று காட்டுவது கூடாது. ஏ.சி. ஓடும் மாதங்களின் கணக்கு ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது.

அடுத்து, லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகள் ஆகியவற்றுக்கான பொது இணைப்புகளின் பில்கள். பெரிய இணைப்புகளில் சி.டி. மீட்டர், அதாவது மின்னோட்டத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் குறைத்து அளக்கும் மீட்டர், பொருத்தப்பட்டிருக்கும். அதன் திரையில் தெரியும் எண் அப்படியே யூனிட் ஆகாது. குறிப்பிட்ட பெருக்கல் காரணியால் பெருக்க வேண்டும். பில்லில் பயன்பாடு என்று அச்சாகியிருப்பது பெருக்கிய பிறகு வரும் எண் என்பதால் அதையே எடுங்கள். கூரையில் சோலார் இருந்தால், மின்வாரியத்திடமிருந்து வாங்கிய யூனிட்டையும் அதற்குக் கொடுத்த யூனிட்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

நம் கற்பனை வளாகத்தில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 3,000 யூனிட் என்றால் வீடுகளுக்கு 6,00,000, பொது இணைப்புகளுக்கு 1,80,000, ஆக 7,80,000 யூனிட்.

படி 3: டீசல், எரிவாயு, குளிர்பதன வாயு

டீசலுக்குச் சங்கத்தின் கொள்முதல் ரசீதுகள் போதும். ஜெனரேட்டர் தந்த மின்சாரத்தை வீட்டு மீட்டர்கள் தனியே பதிவு செய்தாலும் அந்த யூனிட்டுகளை மின்சாரக் கணக்கில் சேர்க்காதீர்கள். டீசலை லிட்டரில் எண்ணிவிட்ட பிறகு அதையும் சேர்ப்பது இரட்டைக் கணக்காகிவிடும். வீட்டுச் சிலிண்டர் ஒன்றில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும். ஏ.சி. பழுதுபார்ப்பவர் எத்தனை கிலோ வாயு நிரப்பினார், எந்த வகை வாயு என்பவற்றை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

படி 4: உமிழ்வுக் காரணியால் பெருக்குதல்

நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்பதை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. இதுவே உமிழ்வுக் காரணி. 2023-24ஆம் ஆண்டுக்கு அது 0.727 கிலோ. டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 2.68 கிலோவும், சமையல் எரிவாயு கிலோவுக்கு ஏறத்தாழ 2.98 கிலோவும் ஆகும். குளிர்பதன வாயு புவியை வெப்பமாக்கும் திறன் மிகுந்தது. காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கைப்படி, ஏ.சி.களில் பயன்படும் ஆர்-32 வாயு ஒரு கிலோ கசிந்தால் அது 675 கிலோ கரியமில வாயுவுக்கும், ஆர்-410ஏ என்ற மற்றொரு வகை ஒரு கிலோ கசிந்தால் 2,088 கிலோவுக்கும் சமம்.

இனிப் பெருக்குவோம். மின்சாரம்: 7,80,000 × 0.727 = சுமார் 567 டன். டீசல் 3,000 லிட்டர்: 8 டன். வீட்டுக்கு 8 சிலிண்டர் வீதம் 22,720 கிலோ எரிவாயு: 68 டன். ஆர்-32 வாயு 5 கிலோ: 3 டன். மொத்தம் 646 டன். வீட்டுக்குச் சராசரி 3.2 டன். 2,00,000 சதுர அடி என்பது 18,580 சதுர மீட்டர் ஆதலால், மின்பயன்பாடு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 42 யூனிட். வேறு வளாகங்களோடு ஒப்பிட இந்தக் கடைசி எண்தான் உதவும்.

ஜெனரேட்டர் புகையைப் பற்றித்தான் பொதுக்குழுவில் அதிகம் பேசுகிறோம். அந்தப் புகை மூச்சுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. ஆனால் 646 டன்னில் அதன் பங்கு வெறும் 8 டன். கண்ணுக்குத் தெரியாமல் மின்கம்பி வழியே வரும் 567 டன்னைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

படி 5: பொது மீட்டரைப் பிரித்துப் பார்த்தல்

வீட்டுக்குள் ஓடும் ஏ.சி.யைச் சங்கம் நிறுத்த முடியாது. பொது மீட்டரோ முழுவதும் சங்கத்தின் கையில் உள்ளது. எனவே அதில் எந்த இயந்திரம் எவ்வளவு இழுக்கிறது என்று பிரித்தறிவதே இந்த வேலையின் மிகப் பயனுள்ள பகுதி. பெரும்பாலோர் முதலில் லிஃப்ட்டைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் லிஃப்ட் விட்டுவிட்டு ஓடுகிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ப்ளோயர், அதாவது நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதும் இயந்திரம், இரவு பகலாக ஓடுகிறது.

அதன் மோட்டாரில் 7.5 எச்.பி. என்ற தகடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகட்டை நம்பிக் கணக்கிடாமல், எலக்ட்ரீஷியனைக் கொண்டு கிளாம்ப் மீட்டரால், அதாவது கம்பியைக் கவ்விப் பிடித்து அளக்கும் கருவியால், மின்னோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். பேனலைத் திறக்கும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம். ஒவ்வொரு ஃபேஸிலும் 8 ஆம்பியர், 415 வோல்ட், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.8 என்றால், மூன்று ஃபேஸ் இணைப்புக்கான 1.732 என்ற எண்ணையும் சேர்த்து, 1.732 × 415 × 8 × 0.8 = 4,600 வாட், அதாவது 4.6 கிலோவாட். நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 92 யூனிட். ஆண்டுக்கு 33,580 யூனிட். உமிழ்வு 24 டன். ஜெனரேட்டரைப் போல் மூன்று மடங்கு! இதே முறையில் நீரேற்று மோட்டார்கள், அடித்தள வாகன நிறுத்தத்தின் காற்றோட்ட விசிறிகள், விளக்குகள் ஆகியவற்றையும் கணக்கிட்டு, கூட்டுத்தொகை பொது பில்லோடு ஓரளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெரிய இடைவெளி இருந்தால் ஏதோ ஒரு இயந்திரம் விடுபட்டிருக்கிறது, அல்லது ஓடும் நேரத்தைத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள்.

ப்ளோயரின் எண்ணைக் கண்டதும் சுவிட்சை அணைத்துவிடக் கூடாது. காற்று நின்றால் நுண்ணுயிர்கள் செத்து, சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் வெளியேறும். காற்றூட்டும் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் பொதுவாகப் போதும். அளந்து பார்த்து, அதைவிட மிகுதியாக இருந்தால் மட்டும், நிலையத்தை இயக்குபவரின் ஒப்புதலோடு வேகத்தைக் குறைக்கும் கருவியைப் பொருத்தலாம்.

படி 6: அடுத்த ஆண்டுக்கான பதிவு

விரிதாளில் யூனிட், லிட்டர், கிலோ ஆகியவற்றை ஒரு நெடுவரிசையிலும், உமிழ்வுக் காரணியையும் அதன் ஆண்டையும் அடுத்த நெடுவரிசையிலும், டன்னை மூன்றாவது நெடுவரிசையிலும் வையுங்கள். மின்தொகுப்பில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடினால் காரணி குறையும். அப்போது வளாகம் ஒரு யூனிட்கூடச் சேமிக்காமலேயே டன் கணக்கு இறங்கிக் காட்டும். ஆகவே பொதுக்குழுவில் அறிக்கை வைக்கும்போது யூனிட்டை முதலிலும் டன்னை அடுத்தும் சொல்லுங்கள்.