நடையோடு வலுப்பயிற்சியையும் சேர்த்துக்கொள்வது எப்படி?

திருவையாற்றில் குடமுருட்டிக் கரையோரம் நான்கு மாதம் விடியற்காலையில் நடந்து, இரவுச் சோற்றையும் நிறுத்தியதில் என் எடை 7 கிலோ குறைந்தது. ஆனால் ரேஷன் அரிசி 20 கிலோவை மாடிக்குத் தூக்கிச் சென்ற அன்று பாதிப் படியிலேயே கால் நடுங்கிற்று. கொழுப்போடு தசையும் கரைந்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உணவைக் குறைக்கும்போது உடல் கொழுப்பை மட்டும் செலவழிப்பதில்லை; வேலை இல்லாமல் கிடக்கும் தசையையும் சேர்த்தே செலவழிக்கிறது. அந்தத் தசைக்கு வேலையும் புரதமும் கொடுத்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே நடையை விடவேண்டாம். செவ்வாய், வெள்ளி என இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும், இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிடுவது அவசியம்.

இதற்கு ஜிம் தேவையில்லை. ஒரு திண்ணை, ஒரு கட்டைப்பை, 5 கிலோ அரிசி இருந்தால் போதும்.

முதலில் திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மூன்று எண்ணுவதற்குள் திரும்ப உட்காரவேண்டும். பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணமும் இதே வகைதான் என்றாலும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அவ்வளவு ஆழம் ஆகாது. அடுத்தது தண்டால்: சுவரில் கை ஊன்றித் தொடங்கி, அது எளிதானதும் திண்ணை விளிம்புக்கு இறங்கலாம்.

மூன்றாவதான முன்குனிதலில்தான் பலரும் தவறுகிறார்கள். நடவு வயலில் முதுகை வளைத்து மணிக்கணக்கில் குனிந்திருப்பவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்குக் குனிதல் என்றாலே முதுகு வளைவதுதான். இங்கே அது வளையக் கூடாது. சுவருக்கு ஓர் அடி முன்னால் முதுகு காட்டி நின்று, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பிட்டத்தால் சுவரைத் தொடப்போவதுபோல் பின்னுக்குத் தள்ளினால் மேலுடம்பு தானாகவே முன்சாயும். தொடையின் பின்புறம் இழுபட்டால் சரியாகச் செய்கிறீர்கள். இடுப்பு பிடித்தால் தவறு. இரண்டு வாரம் வெறுங்கையோடு பழகிய பிறகே அரிசி போட்ட கட்டைப்பையைக் கையில் எடுக்கவேண்டும். அதே பையை, ஒரு கையைத் திண்ணையில் ஊன்றிக் குனிந்தபடி, மறு கையால் இடுப்புவரை இழுத்து இறக்குவது நான்காவது.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 தடவை, ஒரு நிமிட ஓய்வு விட்டு இரண்டு சுற்று செய்யவேண்டும். கடைசி இரண்டு தடவை கடினமாக இருக்கவேண்டும். இரண்டு சுற்றிலும் 12 எளிதாக வந்துவிட்டால் பையில் ஒரு கிலோ அரிசியைக் கூட்டலாம். கூட்டாமலே மாதக்கணக்கில் செய்தால் தசை வளர்வது நின்றுவிடும். தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடவேண்டும். மறுநாள் தொடை வலிப்பது இயல்பு. மூட்டில் குத்தும் வலி வந்தால் நிறுத்திவிடவேண்டும்.

சோற்றைக் குறைத்த இடத்தில் புரதத்தை வைக்கவேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, ஈரம் காயாத வயலில் நாம் தெளிக்கும் உளுந்தும் பச்சைப்பயறும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 23 கிராம் புரதம் தருபவை. முட்டை ஒன்றில் 6 கிராம் இருக்கிறது. விளைந்ததையெல்லாம் விற்றுவிடாமல் வீட்டுக்கென்று ஒரு மூட்டை எடுத்துவையுங்கள்.

முதல் சில வாரங்களில் தசை நீரைப் பிடித்துவைப்பதால் எடைமேடையின் முள் நகராமல் நிற்கக்கூடும். அதைக் கண்டு சோற்றை மேலும் குறைத்துவிடாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், தையல் டேப்பால் இடுப்பை அளந்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டக் கூடாத அளவுகள்.