முதியோரை வீட்டில் பராமரிப்பவர்களுக்கு மூன்று நிமிட இடைநிறுத்தம்

படுத்த படுக்கையாகிவிட்ட தாயையோ, மறதி நோயால் ஒரே கேள்வியை நாள் முழுவதும் கேட்கும் தந்தையையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களிடம், தினமும் அரை மணி நேரம் தியானம் செய்யுங்கள் என்று சொல்வது நியாயமாகாது. சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் கிடைப்பதே அவர்களுக்கு அரிது. ஆகவே வேலைகளுக்கு நடுவிலேயே செய்யக்கூடிய ஒரு குறுகிய பயிற்சியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஓய்வு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பயிற்சி நடக்காது. காலை மாத்திரை கொடுத்த பின்போ, படுக்கை விரிப்பை மாற்றிய பின்போ, அன்றாடம் தவறாத ஒரு வேலையை ஒட்டியே இதைச் செய்யுங்கள்.

அந்த வேலை முடிந்ததும் நின்ற இடத்திலேயே இரு பாதங்களும் தரையில் அழுந்துவதை உணருங்கள். தாடை இறுகியிருக்கிறதா, தோள்கள் உயர்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு மனத்தில் இருப்பதை ‘எரிச்சலாக இருக்கிறது’, ‘பயமாக இருக்கிறது’ என்று எளிய சொற்களில் உங்களுக்குள் சொல்லுங்கள். எதையும் மாற்ற முயல வேண்டாம்.

அடுத்து மூச்சு. மூக்கின் வழியே ஏறத்தாழ நான்கு நொடிகள் உள்ளிழுத்து, ஆறு நொடிகள் மெதுவாக வெளிவிடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கு இது. மன அழுத்தத்தின்போது அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயத்துடிப்பு கூடுகிறது. மூச்சை வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயல் ஓங்கி அத்துடிப்பைத் தணிக்கிறது. வெளிமூச்சை நீட்டச் சொல்வதற்குக் காரணம் இதுதான். தலை சுற்றினால் இயல்பான மூச்சுக்குத் திரும்புங்கள். மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டுமானால் பாதங்களையோ வெளியே கேட்கும் ஒலிகளையோ கவனித்தால் போதும்.

இத்துடன் நிறுத்திவிடுவோர் பலர். ஆனால், கிடைத்த அந்தச் சிறு அமைதியிலேயே குற்றவுணர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால், அடுத்த படியைத்தான் இப்பயிற்சியின் உயிர்நாடியாகக் கருதுகிறேன். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003ஆம் ஆண்டில் தன்பரிவை மூன்று கூறுகளாக விளக்கினார்: தன்னைக் கடிந்துகொள்ளாமல் கனிவோடு நடத்துவது, துன்பமும் தவறும் மனிதர் எல்லோருக்கும் பொது என்று உணர்வது, வலியை மறைக்காமலும் அதில் மூழ்கிவிடாமலும் கவனிப்பது.

‘ஊருக்கு எப்போது போவோம்?’ என்று தந்தை பத்தாவது முறையாகக் கேட்க, நீங்கள் சத்தம் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘பெற்ற தகப்பனிடம் இப்படியா கத்துவது?’ என்று மனம் இடித்துரைக்கும். அப்போது நெஞ்சின்மேல் கையை வைத்து இப்படிச் சொல்லுங்கள்: ‘இது எனக்குக் கடினமான நேரம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எவருக்கும் பொறுமை தீரும் கணம் உண்டு. இப்போது என்னிடம் நான் கொஞ்சம் இதமாக இருக்கலாம்.’ இச்சொற்கள் உங்களுக்குச் செயற்கையாகத் தோன்றினால், இதே நிலையிலுள்ள தங்கையிடம் என்ன சொல்வீர்களோ அதையே சொல்லிக்கொள்ளுங்கள். இது தவறுக்குச் சாக்குச் சொல்வதாகாது. தன்னையே வதைத்துக்கொண்டிருப்பவரைவிட, தன்னிடம் கனிவு காட்டியவருக்குத்தான் தந்தையிடம் திரும்பிச் சென்று ‘கோபப்பட்டுவிட்டேன் அப்பா’ என்று சொல்வது எளிது.

கடைசியாக, இப்போது எனக்கு என்ன தேவை என்று கேட்டு, ஒரே ஒரு செயலைச் செய்யுங்கள். ஒரு குவளைத் தண்ணீர் குடிப்பதாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை நீ பார்த்துக்கொள் என்று அண்ணனையோ அக்காவையோ தொலைபேசியில் அழைத்துக் கேட்பதாகவும் இருக்கலாம். இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் எந்தப் பயிற்சியும் இன்னொரு ஆளின் உதவிக்கு ஈடாகாது.

உறக்கமின்மையோ, காரணம் புரியாத அழுகையோ, எதிலும் பிடிப்பற்ற மனநிலையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை எழுந்தாலும், இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே அழையுங்கள்.