தண்ணீரில் கரையும் ஒளிரும் உலோகக் கிளஸ்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறஊதா விளக்கின் கீழே குப்பியைப் பிடித்ததும் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தால் வேலை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் பாதித் தவறுகள் அந்த நிமிடத்துக்குப் பிறகுதான் நடக்கின்றன. மீதிப் பாதி, முந்தைய நாள் கண்ணாடிப் பாத்திரம் கழுவும்போதே நடந்து முடிந்திருக்கும்.

எதைச் செய்கிறோம் என்று முதலில் பார்த்துவிடலாம். உலோக நானோ கிளஸ்டர் என்பது சில அணுக்கள் முதல் நூறு, இருநூறு அணுக்கள் வரை சேர்ந்த கொத்து. குறுக்களவு ஏறக்குறைய 2 நானோமீட்டருக்குள். இந்த அளவில் தங்கம் உலோகம்போல நடந்துகொள்ளாது. ஆற்றல் மட்டங்கள் மூலக்கூறில் இருப்பதுபோலத் தனித்தனிப் படிகளாகப் பிரிந்துவிடும். ஒளிர்வுக்கு அதுதான் காரணம். இன்னும் கொஞ்சம் வளர்ந்து சாதாரண நானோ துகள் ஆகிவிட்டால், 520 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும் பிளாஸ்மான் பட்டை தலைகாட்டும், கரைசல் மாணிக்கச் சிவப்பாக மாறும், ஒளிர்வு போய்விடும். ஆக, கொத்தை வளரவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் மொத்த வேலையும். புரதம், குளூட்டாதயோன் (கந்தகம் கொண்ட சிறு பெப்டைடு), டிஎன்ஏ என்று எதைப் போட்டாலும் அது செய்வது இந்தக் காவலைத்தான். தண்ணீரில் கரைய வைப்பதும் அதுவே.

பாத்திரத்தில் தொடங்குவோம். போன முறை தங்க நானோ துகள் செய்த குடுவையின் சுவரில், கண்ணுக்குத் தெரியாமல் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். காந்தக் குச்சியின் டெஃப்லான் உறையில் இன்னும் அதிகம். புது வினையில் அந்தத் துணுக்குகளே விதையாகி, அவற்றின்மேல் உலோகம் படிந்து பெரிய துகளாகிவிடும். சோப்பு போட்டுக் கழுவினால் இது போகாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு சேர்த்த ராஜ திராவகம் வேண்டும். அதைப் புகைபோக்கி அறைக்குள், தேவைப்படும் அளவு மட்டும், அப்போதே கலந்து பயன்படுத்த வேண்டும். மூடிபோட்டு எடுத்து வைப்பது, அசிட்டோன் ஈரத்தோடு இருக்கும் குடுவையில் ஊற்றுவது இரண்டும் விபத்தில்தான் முடியும். அப்புறம், தூய நீரில் பலமுறை அலச வேண்டும். அலசலில் அலட்சியம் காட்டினால் மிச்சக் குளோரைடு வெள்ளிக் கிளஸ்டரைக் கெடுக்கும்.

தங்க உப்பான குளோரோ ஆரிக் அமிலத்தை எஃகு கரண்டியால் எடுப்பது இன்னொரு பழக்கதோஷம். எஃகு தங்க அயனியை ஒடுக்கி உலோகமாக்கிவிடும். கரண்டி கறுக்கும், உப்பும் கெடும். பிளாஸ்டிக் கரண்டிதான் சரி. அந்த உப்பு காற்றில் ஈரத்தை இழுத்துக் கசியும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாக எடை போடும்போது தங்கத்தோடு தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறீர்கள். புட்டியைத் திறந்த அன்றே முழுவதையும் கரைத்து, செறிவு தெரிந்த கரைசலாக இருட்டில் வைத்துவிடுவது நல்லது.

பலரும் முதலில் கை வைப்பது 2009-ல் வெளியான புரத வழிமுறையில்தான். 50 மி.கி./மி.லி. செறிவுள்ள பசு சீரம் ஆல்புமின், அதாவது பிஎஸ்ஏ கரைசல் 5 மி.லி.; அதில் 10 மில்லிமோலார் தங்கக் கரைசல் 5 மி.லி. ஊற்றி 37 டிகிரி செல்சியசில் நன்றாகக் கலக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு அரை மி.லி. சேர்த்து, அதே வெப்பத்தில் 12 மணி நேரம் விட வேண்டும். வெளிர்மஞ்சள் மெல்லப் பழுப்பாகி, கடைசியில் ஆழ்ந்த பழுப்பாகும். புறஊதாவில் 640 நானோமீட்டர் அருகே சிவப்பு ஒளிர்வு, குவாண்டம் ஈவு (உறிஞ்சிய ஒளித் துகள்களில் ஒளிர்வாகத் திரும்பும் பங்கு) சுமார் 6 சதவீதம். கேட்க இவ்வளவு எளிது. அதனாலேயே இதில் சறுக்குபவர்கள் அதிகம்.

அந்த இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘என்ன பெரிய வித்தியாசம்’ என்று காரத்தை முதலிலேயே ஊற்றிவிடுகிறோம். தங்க அயனிகள் புரதத்துக்குள் போய் உட்கார வேண்டிய நேரம் அது. அடுத்து, காரத்தின் அளவு. இங்கே தனியாக ஒடுக்கி எதுவும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம்தான் ஒடுக்கி. அதன் ஃபீனால் தொகுதி புரோட்டானை இழக்க பிஎச் 10-ஐத் தாண்ட வேண்டும். இந்த முறையில் அது 12 வாக்கில் இருக்கும். தங்கக் கரைசலே அமிலத்தன்மை உள்ளது என்பதை மறந்துவிட்டு, பழைய, காற்றில் கிடந்து நீர்த்துப்போன காரத்தை ஊற்றினால் மறுநாள் காலையிலும் குடுவை மஞ்சளாகவே இருக்கும். பிஎச் தாளை ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் ஒரு ராத்திரி மிச்சம்.

புரதத்தைக் குறைத்துச் சிக்கனம் பிடிப்பதும் வேண்டாம். காவலுக்கு ஆள் குறைந்தால் கொத்து பெரிதாகும். பழுப்புக்குப் பதில் சிவப்போ ஊதாவோ வந்தால் பெரும்பாலும் கதை அதுதான். பிஎஸ்ஏ பொடியைத் தண்ணீரில் கொட்டிக் குலுக்கினால் நுரைதான் மிஞ்சும். மேலே தூவிவிட்டு, அது தானாக நனைந்து இறங்கும்வரை விட்டுவிடுங்கள். சீக்கிரம் முடிய வேண்டுமென்று வெப்பத்தை மட்டும் ஏற்றுவதும் சரிவராது. அதிக வெப்பத்தில் நிமிடக் கணக்கில் முடிக்கும் முறைகள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குச் செறிவும் பிஎச்சும் தனியாகச் சரிசெய்யப்பட்டவை.

குளூட்டாதயோன் வழி வேறு மாதிரி. 2012-ல் வந்த முறையில் தங்கம் ஒரு மோலுக்கு குளூட்டாதயோன் ஒன்றரை மோல், 70 டிகிரியில் 24 மணி நேரம். 610 நானோமீட்டரில் ஆரஞ்சு ஒளிர்வு, ஈவு சுமார் 15 சதவீதம். இந்த ஒளிர்வு பெரிதும் உள்ளே இருக்கும் தங்கக் கருவிலிருந்து வருவதில்லை. அதைச் சுற்றி நெருக்கமாக அடுக்கியிருக்கும் தங்கம்(I)–தயோலேட் உறையிலிருந்து, அதாவது தங்க அயனியும் கந்தகமும் இணைந்த உறையிலிருந்து வருகிறது. இது புரியாமல், ‘இன்னும் நன்றாக ஒடுங்கட்டுமே’ என்று சோடியம் போரோஹைட்ரைடைச் சேர்ப்பவர்கள் உண்டு. அந்த உறையே கலைந்து, ஒளிர்வு மங்கிய வேறு கிளஸ்டர்கள் கைக்கு வரும். குளூட்டாதயோன் கரைசலை அன்றன்றைக்குத்தான் தயாரிக்க வேண்டும். வைத்திருந்தால் காற்றிலேயே ஆக்சிஜனேற்றமடைந்து டைசல்ஃபைடாக மாறும், அப்புறம் நீங்கள் எழுதிவைத்த விகிதத்துக்கு அர்த்தமில்லை.

போரோஹைட்ரைடு தேவைப்படும் இடங்களில், பனிக்கட்டியில் குளிரவைத்த தண்ணீரில் கரைத்த உடனே பயன்படுத்துங்கள். அரை மணி நேரம் மேசையில் கிடந்தால் கணிசமான பங்கு ஹைட்ரஜனாகப் போய்விட்டிருக்கும். அதே காரணத்தால் அந்தப் புட்டியை இறுக்கி மூடவும் கூடாது.

வெள்ளிக்கு எதிரி குளோரைடு. சைட்டோசின் நிறைந்த டிஎன்ஏ இழையில் வெள்ளிக் கிளஸ்டர் செய்வது 2004-லேயே வந்துவிட்டது. ஆனாலும் கை பழக்கத்தில் உப்புக் கலந்த பாஸ்பேட் பஃபரை எடுத்து ஊற்றுவது இன்னும் நடக்கிறது. ஊற்றியதும் லேசாகப் பால்போலக் கலங்கும், அது வெள்ளிக் குளோரைடு. நைட்ரேட், அசிட்டேட் உப்புகளோடு வேலை செய்யுங்கள். பிஎச் சரிசெய்யவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், நைட்ரிக் போதும்.

செம்பு மலிவு, ஆனால் காற்றுக்குத் தாங்காது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அஸ்கார்பிக் அமிலம் போட்டுச் சூடாக்கி, நீல ஒளிர்வு வந்ததும் ‘செம்புக் கிளஸ்டர்’ என்று எழுதிவிடுகிறோம். அஸ்கார்பிக் அமிலத்தைத் தனியாகச் சூடாக்கினாலே நீலமாக ஒளிரும் கார்பன் புள்ளிகள் வரும். பிஎஸ்ஏ விஷயத்திலும் இப்படித்தான்: டைரோசின்கள் இரண்டிரண்டாக இணைந்தாலே நீல ஒளிர்வு வந்துவிடும். உலோகத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதே வெப்பம், அதே நேரம், அதே பிஎச்சில் வைத்த ஒரு குப்பி பக்கத்தில் இல்லாத எந்த நீலத்தையும் நான் நம்புவதில்லை. ஒளிர்வின் ஆயுளையும் அளந்துவிட்டால் இன்னும் நல்லது. சிவப்பாக ஒளிரும் தங்கக் கிளஸ்டர்களில் நூற்றுக்கணக்கான நானோ வினாடி முதல் மைக்ரோ வினாடி வரை நீளும் கூறு தெரியும். சில நானோ வினாடியிலேயே அணைந்துவிட்டால் கரிம மூலக்கூறைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கருவியும் ஏமாற்றும். ஒருமுறை 320 நானோமீட்டர் ஒளியால் கிளர்த்தி, 640-ல் ஊசிபோல ஓர் உச்சியைப் பார்த்து மகிழ்ந்துபோனேன். மறுநாள் தங்கமே சேர்க்காத பிஎஸ்ஏ கரைசலிலும் அதே இடத்தில் அதே ஊசி. கிளர்வு ஒளி சிதறி, கருவிக்குள் ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கிரேட்டிங்கின் இரண்டாம் வரிசையில் இரட்டை அலைநீளத்தில் வந்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான். கிளர்வை 330-க்கு மாற்றினேன், ஊசி 660-க்குத் தாவியது. உண்மையான ஒளிர்வு அப்படித் தாவாது, அதன் பட்டையும் அகலமாக இருக்கும். உமிழ்வுப் பக்கம் குறைந்த அலைநீளத்தை வெட்டும் ஒரு வடிகட்டி போட்டால் தொல்லை தீர்ந்தது. தண்ணீரின் ராமன் உச்சியும் (தண்ணீர் அலைநீளத்தை மாற்றிச் சிதறடிக்கும் ஒளி) இதேபோல: 365-ல் கிளர்த்தினால் 417 நானோமீட்டர் வாக்கில் நிற்கும். மங்கலான நீல ஒளிர்வு என்று பெயர் வாங்கியவற்றில் இதுவும் சேர்த்தி.

குவாண்டம் ஈவு அளக்கும்போது கரைசலை அப்படியே வைக்கக் கூடாது. அடர்ந்த பழுப்புக் கரைசல் தன் ஒளியைத் தானே விழுங்கும். உட்கவர்வு (ஒளியை உறிஞ்சும் அளவு) 0.1-க்குக் கீழே வரும்வரை நீர்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். சிவப்பில் உமிழும் கிளஸ்டருக்கு நீலத்தில் உமிழும் குவினைன் சல்ஃபேட்டை ஒப்பீடாக வைப்பது பரவலான சோம்பேறித்தனம். டிடெக்டரின் உணர்திறன் இரண்டு பக்கமும் ஒன்றல்ல.

சுத்தம் செய்யும்போது, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையின் அளவைப் பாருங்கள். புரதக் கிளஸ்டருக்கு 12–14 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) பை பொருந்தும், பிஎஸ்ஏ மட்டுமே 66 கிலோடால்டன். குளூட்டாதயோனுக்கும் அதே பையை எடுத்தால் போச்சு: 25 தங்க அணுக்களும் 18 குளூட்டாதயோனும் சேர்ந்த கிளஸ்டரின் எடை சுமார் 10.4 கிலோடால்டன்தான். செய்த சரக்கு வாளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். 1 அல்லது 3 கிலோடால்டன் பை எடுங்கள், இல்லையென்றால் ஐசோபுரொப்பனால் ஊற்றி வீழ்படிவாக்குங்கள். சுத்தமே செய்யாமல், ஒளிர்வு அணைவதை வைத்துப் பாதரசம் கண்டறியப் போனால், மிதக்கும் குளூட்டாதயோனே பாதரசத்தைப் பிடித்துக்கொள்ளும், ஒளிர்வு எதிர்பார்த்தபடி அணையாது.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் 3, 4 நானோமீட்டர் புள்ளிகள் தெரிந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். கற்றையின் கீழேயே சின்னக் கொத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளரும். கற்றையின் தீவிரத்தைக் குறைத்து, புதிய இடத்துக்கு நகர்த்தி, முதல் சில வினாடிகளில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனை அணுக்கள் என்பதற்கு நிறை நிறமாலைதான் பதில் சொல்லும், படம் அல்ல. 520-ல் பட்டை இருக்கிறதா என்று உட்கவர்வில் ஒரு பார்வை பார்ப்பது இரண்டையும்விட மலிவு. கிளஸ்டரைச் செய்த அன்றும், 4 டிகிரியில் இருட்டில் ஒரு வாரம் வைத்த பிறகும் பாருங்கள். முதல் நாள் இல்லாத பட்டை ஏழாம் நாள் எட்டிப் பார்த்தால், குப்பிக்குள் கொத்துகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.