தேயிலைச் சரிவுக்குள் என்ன இருக்கிறது? நான்கு கம்பிகளை வைத்து மண்ணை அளப்பது எப்படி

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நாலு நாள் விடாமல் மழை பெய்தால், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. மேட்டைத் தோண்டாமலேயே உள்ளே ஈர மண் எவ்வளவு, பாறை எங்கே என்று ஓரளவு தெரிந்துகொள்ள மின்தடை முறை உதவும். மண்ணுக்குள் கொஞ்சம் கரன்ட் விட்டுப் பார்ப்பதுதான் விஷயம். ஈரக் களிமண்ணில் கரன்ட் சுலபமாக ஓடும், கெட்டிப் பாறையில் ஓடாது. சரிவு நிற்குமா விழுமா என்று இது சொல்லாது. அதற்கு மண்ணியல் பொறியாளர்தான் வரவேண்டும்.

முதலில் ரோட்டோரம் போய் நில்லுங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன்னால், பக்கத்தில் ரோட்டுக்காக மலையை வெட்டிய இடம் எங்கே என்று தேடுங்கள். சமவெளிக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. மேலே செம்மண், அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாகப் பிசுபிசுத்த மண், நடுநடுவே வெங்காயம் மாதிரி தோல் உரிந்த உருண்டைப் பாறைகள், அடியில் கருநீலச் சாயலில் சார்னோக்கைட். நீலகிரியின் அடிப்பாறை பெரும்பாலும் அதுதான். அந்த வெட்டுக்கு மேலே ஒரு தடவை அளந்துவிட்டால் எந்த எண்ணுக்கு எந்த மண் என்று கண்ணாலேயே பொருத்திப் பார்க்கலாம். பலர் இதைச் செய்யாமல் நேராகத் தோட்டத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள்.

தேவையானவை

முக்கால் மீட்டர் நீளத்தில் நான்கு ஸ்டீல் கம்பிகள், சுத்தியல், நான்கு சுருள் ஒயர், அளவு நாடா, ஒரு குடம் உப்புத் தண்ணீர், வாடகைக்கு எடுத்த ரெசிஸ்டிவிட்டி மீட்டர் (மண்ணுக்குள் கரன்ட் விட்டு வோல்டேஜ் பார்க்கும் கருவி). காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்குக் கொஞ்சம் தனி உப்பு. காட்டுமாடு நடமாடும் தோட்டமாக இருந்தால் தனியாகப் போகாதீர்கள்.

கம்பிகளை நடுவது

ஒரே கோட்டில், சம இடைவெளியில் நான்கு கம்பிகள். 1915-ல் அமெரிக்காவின் ஃபிராங்க் வென்னர் எழுதிய முறை இது. வெளிக்கம்பிகள் இரண்டும் கரன்ட் விட, உள்கம்பிகள் இரண்டும் வோல்டேஜ் பார்க்க. இரண்டே கம்பி போதாதா என்று கேட்பீர்கள். கம்பி மண்ணைத் தொடும் இடத்தில் இருக்கும் எதிர்ப்பு பெரியது, அது மண்ணின் எதிர்ப்பை அப்படியே மூடிவிடும். அதனால்தான் வோல்டேஜுக்குத் தனிக் கம்பிகள்.

கம்பி நடும் கோட்டைச் சரிவில் மேலிருந்து கீழாகப் போடாதீர்கள். தேயிலை வரிசையை ஒட்டி, ஒரே மட்டத்தில் கிடைமட்டமாகப் போடுங்கள். கம்பி அரை அடி இறங்கினால் போதும். சில இடத்தில் 'டங்' என்று கல்லில் முட்டும், ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளி அடியுங்கள். மீட்டரில் எண் நிற்காமல் ஆடினால் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள், சற்று நேரத்தில் ஆட்டம் அடங்கும்.

அளக்கும்போது யாரும் கம்பியைத் தொடக் கூடாது. மீட்டர் தரும் வோல்டேஜ் ஆளைத் தூக்கி அடிக்கும். இடி கேட்டால் ஒயரைப் போட்டுவிட்டு ஓடிவிடுங்கள்.

கணக்கு

மின்தடை எண் = 2 × 3.14 × இடைவெளி × (வோல்டேஜ் ÷ கரன்ட்). ஒரு மாதிரிக் கணக்கு: இடைவெளி 5 மீட்டர், கரன்ட் 20 மில்லி ஆம்பியர், வோல்டேஜ் 120 மில்லி வோல்ட். வகுத்தால் 6 ஓம். 31.4-ஆல் பெருக்கினால் 188 ஓம் மீட்டர்.

நடுப்புள்ளியை அசைக்காமல் இடைவெளியை மட்டும் 2, 5, 10, 20 என்று விரித்துக்கொண்டே போங்கள். கடைசி அளவுக்கு 60 மீட்டர் நீளம் வேண்டும். இடைவெளி கூடக் கூட ஆழம் கூடும். பழைய ஆட்கள் இடைவெளி எவ்வளவோ அவ்வளவு ஆழம் என்பார்கள். நான் பாதி என்றே வைத்துக்கொள்வேன்.

கோட்டைப் படிப்பது

எண்களை லாக் தாளில் (இரண்டு பக்கமும் 1, 10, 100 என்று பத்து மடங்காக ஏறும் கட்டத் தாள்) வரையுங்கள், இடைவெளி கீழே, மின்தடை எண் பக்கவாட்டில். 415, 188, 113, 176 என்று வந்தால் மேலே காய்ந்த செம்மண், நடுவில் ஈரமான மண், அதற்குக் கீழே பாறையை நோக்கி ஏற்றம் என்று படிக்கலாம். அந்த ஏற்றம் 45 பாகைக்கு மேல் செங்குத்தாக இருந்தால் சந்தேகப்படுங்கள். தட்டையாக அடுக்கிய மண்ணில் அப்படி வராது. எங்கோ கம்பி கழன்றிருக்கும், அல்லது நாடாவைத் தப்பாகப் படித்திருப்பீர்கள்.

நான் ஒருமுறை ஒரு தோட்டத்தில் அடிமட்டத்துக்கு எண் விழுந்ததைப் பார்த்து, 'உள்ளே முழுக்கச் சேறு' என்று தோட்டக்காரரைப் பயமுறுத்திவிட்டேன். கம்பி நட்ட கோட்டை ஒட்டி மண்ணுக்குள் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய் ஓடியது அப்புறம்தான் தெரிந்தது. கரன்ட் மண்ணை விட்டுக் குழாயில் போயிருக்கிறது. குழாய், கம்பி வேலி, எர்த் கம்பி எல்லாவற்றையும் விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

எண் குறைந்தது களிமண்ணாலா தண்ணீராலா என்று ஒரு அளவில் பிரித்துச் சொல்ல முடியாது. நடுப்புள்ளியில் அடையாளத்துக்கு ஒரு முளை அடித்துவிட்டு வாருங்கள். மார்ச்சில் ஒருமுறை, நவம்பர் மழை ஓய்ந்த பிறகு ஒருமுறை அதே முளையிலிருந்து அளந்து, இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாக வரையுங்கள். மழைக்குப் பின் கோடு எந்த இடைவெளியில் கீழே இறங்கியிருக்கிறதோ, தண்ணீர் தேங்கும் ஆழத்தை அங்கே தேடலாம்.