குணச்சித்திர நடிகராக நீண்ட நாள் தாக்குப்பிடிப்பது எப்படி?

ஹீரோ ஆகவேண்டும் என்று வந்தவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கான யோசனை என்னிடம் இல்லை. அப்பா, மாமா, தாசில்தார், ஏட்டு, கல்யாண புரோக்கர், வில்லனுக்குக் கணக்கு எழுதுகிறவர் என்று படத்துக்குப் படம் வேறு ஆளாக வந்து, பெயர் தெரியாவிட்டாலும் "அட, இவரா!" என்று ஜனங்கள் சொல்லும் இடத்தில் இருபது முப்பது வருஷம் இருக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் இது.

நாடகத்தில் ஆரம்பித்து சீரியலுக்குப் போய், அங்கிருந்து சினிமாவுக்கு ஏறிவிட்டால் பழையதை மறந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாகத்தான் முடிகிறது, ஏனென்றால் சினிமாவில் உங்களுக்கு மாதாமாதம் வேலை இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. நடிப்பு துருப்பிடிக்காமல் இருக்க மேடை, வாடகைக்கு டிவி, ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ள சினிமா. மூன்றையும் கையில் வைத்திருங்கள்.

மேடையிலிருந்து தொடங்குவோம். சென்னையில் இரண்டு வகை நாடகம் உண்டு. ஒன்று சபா நாடகம். வசனம், டைமிங், கடைசி வரிசை வரை கேட்கிற குரல், சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து அடுத்த வரியைச் சொல்வது, இதெல்லாம் அங்கே தானாக வரும். இன்னொன்று நவீன நாடகம். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை அதற்குப் பெரிய உதாரணம். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே உடம்பைப் பழக்கிக்கொண்டு வந்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதுகிற வேலைக்குத்தான் சேர்ந்தார், பக்கத்தில் இருந்து பார்த்தே நிறையக் கற்றுக்கொண்டார். இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டை எப்போதும் ஓடும், நீங்கள் அதில் கலந்துகொள்ள வேண்டாம். முடிந்தால் இரண்டிலும் கொஞ்ச நாள் இருங்கள்.

குழுவில் சேர்ந்ததும் முக்கிய வேஷம் கேட்காதீர்கள். ஒரே நாடகத்தில் மூன்று சின்ன வேஷம் கேளுங்கள்: முதல் காட்சியில் போஸ்ட்மேன், நடுவில் டாக்டர், கடைசியில் வீட்டுக்காரர். சட்டையை மாற்றிக்கொள்ள இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும், அதற்குள் நடை, குரல், உட்காரும் விதம் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். குணச்சித்திர நடிகனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. வயசைப் பற்றியும் கவலை வேண்டாம். 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் கிழவராக வந்த வி.கே. ராமசாமிக்கு அப்போது 21 வயசு, மேடையில் அந்த வேஷத்தைப் போட்டுப் பழகியிருந்ததால் கேமரா முன்னாலும் அது நின்றது. பெண்களுக்கு இது வேறு மாதிரி வரும். 'அருணாச்சலம்' படத்தில் ரஜினிக்குப் பாட்டியாக நடித்த வடிவுக்கரசி ரஜினியைவிட வயதில் இளையவர். அம்மா, பாட்டி வேஷம் சீக்கிரமே தேடி வரும், அதை ஒரேயடியாக மறுப்பதைவிட, அந்தப் பாட்டிக்கு என்ன குணம் என்று கேட்டு, குணம் இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்வது நல்லது.

இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். டெல்லி கணேஷ் 1964-லிருந்து 1974 வரை விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார், பெயருக்கு முன்னால் அந்த ஊர் வந்தது அப்படித்தான். பாலசந்தர் 'பட்டினப்பிரவேசம்' படத்தில் அறிமுகப்படுத்தினார், அதுவும் விசுவின் மேடை நாடகம்தான். சம்பளம் வருகிற வேலை இருந்தால் கிடைக்கிற எல்லா வேஷத்துக்கும் தலையாட்ட வேண்டியதில்லை, மாலை ஒத்திகைக்கும் ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கும் அது தடையும் இல்லை. மாதத்தில் பாதி நாள் கால்ஷீட் வர ஆரம்பித்த பிறகு ராஜினாமாவைப் பற்றி யோசிக்கலாம்.

அப்புறம் டிவி. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்த காலத்தில் செவ்வாய்க்கிழமை நாடகத்துக்கு ஊரே உட்கார்ந்திருக்கும், மேடை ஆட்கள்தான் அங்கேயும் நடித்தார்கள். இப்போதைய தினசரி சீரியல் முற்றிலும் வேறு உலகம். சம்பளம் நாள் கணக்கு. காலையில் போனால் ராத்திரி வரை பல காட்சிகள் எடுத்துத் தள்ளுவார்கள், வசனப் பேப்பர் மேக்கப் போடும்போதுதான் கைக்கு வரும், பக்கத்திலிருந்து ஒருவர் ப்ராம்ப்ட் செய்துகொண்டே இருப்பார். அந்த ப்ராம்ப்டிங்குக்கு அடிமையாகிவிடாதீர்கள் என்பதுதான் என்னுடைய முதல் எச்சரிக்கை. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிற பழக்கம் வந்துவிட்டால் முகத்தில் அரை விநாடி வெறுமை தெரியும், சினிமா க்ளோஸ்-அப்பில் அதை மறைக்க முடியாது. பேப்பர் வந்ததும் ஒரு ஓரமாக உட்கார்ந்து மனப்பாடம் செய்யுங்கள், நாடகத்தில் முழு வேஷத்தையும் மனப்பாடம் செய்தவனுக்கு ரெண்டு பக்கம் பெரிய விஷயம் இல்லை. இரண்டாவது எச்சரிக்கை: எல்லா வசனத்துக்கும் புருவத்தைத் தூக்காதீர்கள். டைரக்டர் கேட்டால் செய்யுங்கள், அதையே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

சீரியல் முத்திரை விழுந்தால் சினிமா கதவு மூடிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு எம்.எஸ். பாஸ்கரைக் காட்டுவேன். டப்பிங் கலைஞராக நிறைய வேலை செய்தவர், 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடரில் பட்டாபியாக வீடு வீடாகத் தெரிந்தவர். 'மொழி' படத்தில் அதே ஆள் மனசைப் பிசைகிற மாதிரி ஒரு வேஷம் செய்தார். 'பார்க்கிங்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதும் வந்தது. சரி, எல்லாருக்கும் அப்படி அமையாது. ஆனால் கதவை மூடுவது சீரியல் இல்லை, அங்கே செய்ததையே எல்லா இடத்திலும் செய்வதுதான்.

பாஸ்கரைச் சொன்னதால் டப்பிங்கையும் சொல்லிவிடுகிறேன். படம் இல்லாத மாதங்களில் கைகொடுக்கிற வேலை இது. டெல்லி கணேஷ்கூட '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குக் குரல் கொடுத்திருக்கிறார். டப்பிங் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும், அதற்குக் குரல் தேர்வு உண்டு. நெல்லையோ கொங்கோ மதுரையோ, உங்கள் ஊர்ப் பேச்சை மறக்காதீர்கள், கூடவே இன்னொரு வட்டாரப் பேச்சையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள், அரைகுறை வட்டார வழக்கு அந்த ஊர்க்காரனுக்கு உடனே தெரிந்துவிடும்.

சினிமா வாய்ப்புக்குத் தயாரிப்பாளர் வீட்டு வாசலில் நிற்பது வீண். சின்ன வேஷங்களுக்கு ஆள் தேடுகிற வேலை பெரும்பாலும் கோ-டைரக்டரிடமும் உதவி இயக்குநர்களிடமும்தான் இருக்கிறது, இப்போது சில படங்களுக்குக் காஸ்டிங் டைரக்டர் இருக்கிறார். அவர்களுக்கு அனுப்ப வேண்டியது கொஞ்சம்தான்: மேக்கப் இல்லாமல் நேராக ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரத்தில் ஒன்று, ஒரு நிமிஷ வீடியோ. வீடியோவில் ஏதோ ஒரு ஹீரோ பேசிய பஞ்ச் வசனத்தைப் பேசாதீர்கள், அதைத்தான் எல்லாரும் அனுப்புகிறார்கள். கடன் கேட்டு வந்த தம்பியிடம் இல்லை என்று சொல்கிற அண்ணன் மாதிரி ஒரு சாதாரணக் காட்சியைச் செய்யுங்கள். உதவி இயக்குநர்கள் குறும்படம் எடுத்தால் தயங்காமல் போங்கள். 'நாளைய இயக்குநர்' என்ற டிவி குறும்படப் போட்டி நடந்த காலத்தில் கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி குறும்படங்களில் நடித்த விஜய் சேதுபதி, பாபி சிம்ஹா, கருணாகரன் எல்லாம் அவர்கள் பெரிய படம் எடுத்தபோது அதிலும் நடித்தார்கள். வாய்ப்பு வாங்கித் தருகிறேன், ரெஜிஸ்ட்ரேஷன் பணம் கட்டு என்று யாராவது சொன்னால் நம்பரை பிளாக் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

செட்டில் போய் நின்றதும் கவனிக்க வேண்டியது உங்கள் வசனத்தை இல்லை, எதிராளி பேசுகிறதை. நல்ல குணச்சித்திர நடிகரைப் பாருங்கள், அடுத்தவர் பேசும்போதுதான் அவர் அதிகம் நடித்திருப்பார். கன்டினியூட்டியை, அதாவது ஒரு ஷாட்டில் செய்ததை அடுத்த ஷாட்டிலும் அப்படியே செய்வதை, நீங்களே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த வார்த்தையில் டம்ளரைத் தூக்கினீர்கள், எந்தக் கையில் மூக்குக்கண்ணாடி. ஹீரோவுக்கு க்ளோஸ் எடுக்கும்போது ஃபிரேமுக்கு வெளியே நின்று உங்கள் வசனத்தை முழு உணர்வோடு கொடுங்கள், இதைச் செய்கிறவர்களை நடிகர்களும் டைரக்டர்களும் மறப்பதில்லை, அடுத்த படத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு சின்ன விஷயம், படம் வருவதற்கு முன்னால் சொந்தக்காரர்களை எல்லாம் தியேட்டருக்குக் கூப்பிடாதீர்கள். எடிட்டிங்கில் உங்கள் காட்சி இருந்ததா என்று வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரியும்.

முதல் வேஷம் நன்றாக அமைந்துவிட்டால் பெரிய ஆபத்து ஆரம்பிக்கிறது. நல்ல ஏட்டாக நடித்தால் அடுத்து பத்து ஏட்டு வேஷம் வரும். முதல் இரண்டை ஒத்துக்கொள்ளுங்கள், பணம் வேண்டுமே. அப்புறம் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். டெல்லி கணேஷ் 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லன்களில் ஒருவர், அடுத்த வருஷமே 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டுச் சமையல்காரர். நாசர் 'தேவர் மகன்' படத்தில் மாயத்தேவன், 'அவ்வை சண்முகி'யில் வாய் பேச முடியாதவர் மாதிரி நடிக்கிற சமையல்காரர். இந்த அகலம் தானாக வராது. சினிமாவில் யாரும் தராத வேஷத்தை நாடகத்தில் போய்ப் போட்டு, அதைப் பார்க்க நாலு உதவி இயக்குநர்களைக் கூப்பிடுங்கள். மேடையை விடாதீர்கள் என்று சொன்னதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

கடைசியாகப் பணமும் தேதியும். ஒரு டைரி வையுங்கள். சீரியலுக்கு மாதத்தில் எந்தெந்தத் தேதி என்று முன்கூட்டியே மேனேஜரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, படத்துக்குத் தேதி கொடுக்கும்போது அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இரண்டு பக்கமும் ஒரே நாளை ஒத்துக்கொண்டவர் என்ற பெயர் வந்துவிட்டால் நடிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் போன் வராது. நடிகர் சங்கம், சின்னத்திரை நடிகர் சங்கம் இரண்டும் தனித்தனி, எதில் வேலை அதிகமோ அதில் முதலில் சேருங்கள். சம்பளம் பேசும்போது அட்வான்ஸ் எவ்வளவு, பேட்டா (தினப்படி) உண்டா, வெளியூர் என்றால் தங்குமிடம் யார் பொறுப்பு என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். பாக்கியை டப்பிங்குக்கு முன்னால் கேட்டு வாங்கிவிடுங்கள், உங்கள் குரல் பதிவான பிறகு உங்களுக்கு ஒரு பிடியும் கிடையாது. ஷூட்டிங்கிலேயே குரலைப் பதிவு செய்கிற லைவ் சவுண்ட் படமென்றால் கடைசி நாள் ஷூட்டிங்குக்கு முன்னாலேயே. சம்பளத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியாக முன்கூட்டியே, பிடிப்பார்கள், மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். பிடித்த பணத்தை உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறார்களா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், கட்டவில்லை என்றால் மேனேஜரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, நேராகத் தயாரிப்பு அலுவலகக் கணக்காளருக்குப் போன் போடுங்கள்.